காரை எடுத்தது யார்?

கார் தொலைந்துபோய் எங்களிடம் வருகிறவர்கள் பொதுவாக அழுவார்கள், இல்லையென்றால் கத்துவார்கள். அந்தப் புதன்கிழமை காலை வந்த அம்மாள் இரண்டும் செய்யவில்லை. கையிலிருந்த துணிப்பையை எங்கள் மேஜைமேல் கவிழ்த்தார். முழங்கை நீளத்தில் ஒரு ஸ்டியரிங் பூட்டு, ஒரு கியர் பூட்டு, அலாரத்தின் ரிமோட், பிரிக்காத ஒரு அட்டைப்பெட்டி எல்லாம் கடகடவென்று விழுந்தன.

"என்னக்கா இதெல்லாம்?" என்றேன்.

"என் வண்டியோட பாதுகாப்பு."

"பாதுகாப்பு பத்திரமா இருக்கு. வண்டியைத்தான் காணோம்."

அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். அண்ணி என்றால் சொந்த அண்ணி, என் கூடப்பிறந்த அண்ணனின் மனைவி. இருபது வருஷம் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் உட்கார்ந்து, திருட்டுப்போன வண்டிகளின் கதைகளைக் கேட்டு, எது நிஜம், எது புளுகு என்று பிரித்துக்கொண்டிருந்தவர். போன வருஷம் வேலையை உதறிவிட்டு, இஸ்திரிக் கடைக்கு மேலே இந்த அறையைப் பிடித்துத் துப்பறியும் நிலையம் என்று போர்டு மாட்டினார். போர்டு மாட்ட ஏணி பிடித்தவன் நான். அன்றைக்கே உதவியாளர் ஆகிவிட்டேன்.

வந்தவரை ஊரில் கிளட்ச் அக்கா என்பார்கள். பெண்களுக்கு மட்டும் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். பள்ளிக்கூடம் என்று பெயர் இருந்தாலும் இருப்பது ஒரே அறை, ஒரே கார். பக்கத்து சீட்டிலும் ஒரு பிரேக்கும் ஒரு கிளட்ச்சும் பொருத்திய சாம்பல் நிறக் கார்.

"நேத்து மத்தியானம் ரெண்டேகால் மணி மேடம். வாசல்ல நிறுத்திட்டு உள்ள சாப்பிட உக்காந்தேன். இருபதே நிமிஷம். வெளில வந்தா வண்டி இல்ல. ரெண்டு பூட்டும் படியில பக்கத்துப் பக்கத்துல அடுக்கி வச்சிருந்துது."

"உடைக்கல?"

"சாவி போட்டுத் திறந்திருக்காங்க. அலாரம்கூட கத்தல. அது போகட்டும், டிரைவர் சீட்டுக்கு அடியில ஒரு ரகசிய சுவிட்ச் வச்சிருக்கேன். அதைத் தட்டாம கிளப்பினா நூறடி போறதுக்குள்ள வண்டி நின்னுடும். அதையும் தட்டித்தான் எடுத்துட்டுப் போயிருக்காங்க."

"சுவிட்ச் விஷயம் யாருக்கெல்லாம் தெரியும்?" என்று கேட்டார் அண்ணி.

"யாருக்கும் தெரியாது மேடம்." கொஞ்சம் யோசித்தார். "என் ஸ்டூடண்ட்ஸைத் தவிர."

"எத்தனை பேர்?"

"இதுவரைக்கும் இருநூத்துப் பன்னண்டு. இருபத்தோராம் நாள் பாடமே அதுதான். வண்டி திருட்டுப் போகாம பாத்துக்கறது எப்படின்னு. பூட்டு எப்படிப் போடணும், எங்க நிறுத்தணும், ரகசிய சுவிட்ச் எங்க வைக்கணும், எல்லாம் நம்ம வண்டியிலயே காட்டித்தான் சொல்லித் தருவேன்."

நான் பல்லைக் கடித்துச் சிரிப்பை அடக்கினேன். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் தொட்டுப் பார்த்த சுவிட்சுக்கு ரகசிய சுவிட்ச் என்று பெயர். அண்ணி அதற்குள் அந்த அட்டைப்பெட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். மேலே சுற்றிய பிளாஸ்டிக் தாள்கூடக் கிழியவில்லை.

"இது டிராக்கர் மேடம். வண்டி எங்க இருக்குன்னு போன்லயே காட்டிக் குடுக்கும்."

"அது ஏன் பெட்டியில இருக்கு?"

"வண்டில மாட்டினா வண்டியோட சேத்து அதையும் தூக்கிட்டுப் போயிடுவாங்களேன்னு பீரோல வச்சிருந்தேன்."

"கவலைப்படாதீங்கக்கா," என்றேன். "பீரோ தொலைஞ்சா உடனே கண்டுபிடிச்சுடலாம்."

அக்கா சிரித்தார். அந்த நிலைமையிலும் சிரிக்கிறாரே என்று எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

"போலீஸுக்குப் போனீங்களா?"

"அந்தக் கூத்தை ஏன் கேக்கறீங்க. எழுதிக் குடுன்னாங்க, எழுதிக் குடுத்தேன். அந்த ரைட்டர் படிச்சுட்டு, குடும்பத் தகராறை எல்லாம் இங்க கொண்டு வராதம்மான்னு திருப்பிக் குடுத்துட்டார்."

மடித்த தாளை நீட்டினார். நான் வாங்கிப் படித்தேன். குண்டு குண்டான எழுத்தில் வண்டி நம்பர், நிறம், நேரம் எல்லாம் ஒழுங்காக இருந்தது. மூன்றாவது வரியில், 'மேற்படி காரை எடுத்தது என் தம்பி' என்று இருந்தது.

"வண்டி வாங்கறப்ப கடன் தர சம்பளச் சீட்டு கேட்டாங்க. எனக்கு ஏது? தம்பிகிட்ட இருந்தது. அவன் பேர்ல எடுத்தோம். தவணை கட்டினது பூரா நான்தான். ஆனா எடுத்தது அவன்தானே, அதை எழுதாம இருக்கலாமான்னு எழுதினேன். அந்த மனுஷன் என்னடான்னா, தம்பி எடுத்திருந்தா தம்பிகிட்ட போய்க் கேளுங்கறார்."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அண்ணிகூடச் சிரித்தார். சிரித்து முடித்ததும், "வண்டி கிடைக்கலேன்னா என்ன பண்ணுவீங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

"தம்பி வீட்டு மாடி ரூம்தான் மேடம். கல்யாணம் முறிஞ்சு வந்தப்ப எட்டு வருஷம் அங்கதான் இருந்தேன். குறை சொல்ல முடியாது, நல்லாத்தான் வச்சிருந்தாங்க. ஆனா ஒரு சோப்பு வாங்கணும்னாலும் யாராவது வெளில போறப்ப சொல்லிவிடணும். எனக்கு நாப்பத்தாறு வயசாகுது. திரும்ப அங்க போக என்னால முடியாது."

*

பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஒரு பேட்டரிக் கடை. கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் தலையைச் சீவிக்கொண்டு வந்தார். வாசலில் காமிரா வைத்த நாளிலிருந்து இப்படி ஒரு நாளுக்காகத்தான் காத்திருந்தேன் என்றார். ஆனால் காமிராவை அவர் வைத்திருந்தது தன் கடைப் படியில் யாரும் வண்டி நிறுத்துகிறார்களா என்று பார்க்க. அது தெருவைக் குனிந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தது. எதிர்ப்பக்கம் நின்ற காரின் சக்கரங்கள் தெரிந்தன. வருகிறவர்களின் முழங்காலுக்குக் கீழே தெரிந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

"பிரமாதம்," என்றேன். "குற்றவாளிக்கு ரெண்டு கால். இனிமே தேடறது சுலபம்."

"கொழுந்தனாரே, கொஞ்சம் பேசாம பாருங்க."

திரையில் இரண்டு கால்கள் வந்தன. தொளதொளவென்ற கருப்புப் பேன்ட், சாதாரணச் செருப்பு. ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது. கால்கள் நேராகக் கதவுக்குப் போகவில்லை. காரை முழுசாக ஒரு சுற்றுச் சுற்றின. ஒவ்வொரு டயரையும் பாதத்தால் ஒருமுறை அழுத்திப் பார்த்தன. அப்புறம் கதவு திறந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கால்கள் படிவரை நடந்து, பூட்டுகளை வைத்துவிட்டுத் திரும்பின. ஏறுவதற்கு முன்னால் செருப்புகள் கழன்றன. ஒரு கை கீழே வந்து செருப்புகளைப் பொறுக்கி உள்ளே வைத்தது.

"இது என்ன, திருடப் போற இடத்துல செருப்பைக் கழட்டற அளவுக்கு மரியாதை?" என்றேன்.

"என் ஸ்டூடண்ட்தான்," என்றார் அக்கா. குரல் உயர்ந்துவிட்டது. "செருப்புக் காலோட கிளட்ச்சைத் தொடக் கூடாது, கிளம்பறதுக்கு முன்னாடி சுத்திப் பாக்கணும், டயரை அமுக்கணும். இதெல்லாம் முதல் நாளே சொல்லித் தர்றது மேடம். பாருங்க, ஆள் இல்லாத தெருவுல இண்டிகேட்டர் வேற போடறா."

உண்மைதான். திரையின் மேல் ஓரத்தில், முன்சக்கரத்தை ஒட்டி ஒரு மஞ்சள் விளக்கு மினுக் மினுக் என்றது. தன் காரைத் திருடுகிறவள் பாடத்தை மறக்கவில்லை என்று அக்காவுக்கு ஒரு பெருமை. அதை அவரால் மறைக்கக்கூட முடியவில்லை. எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் பாவமாக இருந்தது.

பிறகு சக்கரங்கள் உருண்டன. கார் திரையை விட்டு வெளியே போயிற்று.

"அதை மறுபடி போடுங்க," என்றார் அக்கா. "கிளம்பற இடத்துலேருந்து."

கடைக்காரர் போட்டார். அக்கா திரைக்கு ரொம்பப் பக்கத்தில் குனிந்து பார்த்தார். "இன்னொரு தடவை." போட்டார். மூன்றாவது முறை பார்த்து நிமிர்ந்தபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"யாருன்னு தெரியுதா?" என்று கேட்டார் அண்ணி.

"தெரியல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"இருநூத்துப் பன்னண்டு பேர்ல நான் யாரைன்னு சொல்லுவேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "விட்டுடுங்க மேடம். பழைய வண்டிதானே. உங்களுக்கு வீண் அலைச்சல்."

காலையிலிருந்து வண்டி வண்டி என்று உயிரை விட்டுக்கொண்டிருந்தவர் இப்படிச் சொன்னதும் பேட்டரிக் கடைக்காரருக்கே முகம் தொங்கிப்போயிற்று. அண்ணி கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். "வாங்க, உங்களை வீட்ல விட்டுடறோம்," என்று மட்டும் சொன்னார்.

*

என் காரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அதைத் திருட மூன்று பேர் வேண்டும், ஒருத்தர் ஓட்ட, இரண்டு பேர் தள்ள. பூட்டே கிடையாது, இருபத்தோராம் நாள் பாடமும் தேவையில்லை. நான் முன்னால் உட்கார்ந்து அதைக் கெஞ்சிக் கூத்தாடிக் கிளப்பினேன். பெண்கள் இருவரும் பின்சீட்டில் இருந்தார்கள்.

இரண்டு தெரு தாண்டியதும் அண்ணி ஆரம்பித்தார்.

"மூணு தடவை பாத்தீங்க. மூணு தடவையும் சக்கரம் உருளற அந்த ஒரு இடத்தை. அதுல என்ன இருந்தது?"

கண்ணாடியில் பார்த்தேன். அக்கா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்கம்மா. நான் போலீஸ் இல்ல."

"குலுங்கவே இல்ல," என்றார் அக்கா. "எல்லாருக்கும் அந்த இடத்துல ஒரு சின்னக் குலுக்கலாவது இருக்கும் மேடம். இந்த சாரைப் பாருங்க, கிளப்பினப்ப நம்ம ரெண்டு பேர் தலையும் முன்னாடி போயி வந்துது. கையெழுத்து மாதிரிதான் அது, கிளட்ச் விடறதைப் பாத்தே யாருன்னு சொல்லிடுவேன். குலுங்காம எடுக்கறவ ஒருத்திதான். மூணாம் நாளே அந்தக் கால் வந்துடுச்சு அவளுக்கு. என்னைவிட நல்லா வரும்."

"யாரு அவ?"

"என் தம்பி பொண்டாட்டி."

நான் பிரேக்கை மிதித்துவிட்டேன். பின்னால் வந்த வண்டிக்காரன் என் பரம்பரையையே திட்டிவிட்டுத் தாண்டிப் போனான்.

"ரெண்டாவது சாவிக் கொத்து?" என்றார் அண்ணி, ஒன்றுமே நடக்காததுபோல.

"தம்பி வீட்ல. வாங்கின நாள்லேருந்து அங்கதான் இருக்கு. அலாரத்தோட இன்னொரு ரிமோட்டும் அதுலயேதான்."

"தம்பிக்கு ஓட்டத் தெரியுமா?"

"தெரியாது. கத்துத் தர்றேன் வாடான்னா, அக்காகிட்ட போய்க் கத்துக்கறதான்னு சிரிப்பான்."

அண்ணி தன் கைப்பையிலிருந்து அந்தப் புகார்த் தாளை எடுத்தார். "கொழுந்தனாரே, நாம காலைல அந்த ரைட்டரைப் பாத்துச் சிரிச்சோமே. மூணாவது வரியை இன்னொரு தடவை சொல்லுங்க."

"மேற்படி காரை எடுத்தது என் தம்பி."

"வாங்கினதுக்கும் எடுத்ததுங்கறோம், கொண்டு போனதுக்கும் எடுத்ததுங்கறோம். இவங்க ஒண்ணைச் சொன்னாங்க, அவர் இன்னொண்ணைப் படிச்சார். தப்பாப் படிச்சுட்டுச் சரியாச் சொல்லிட்டார். இந்தக் கேஸ்ல துப்பு துலக்கின ஒரே ஆள் அவர்தான்."

எனக்கு அசடு வழிந்தது. நல்லவேளை, முகத்தை ரோட்டைப் பார்த்து வைத்திருந்தேன்.

அக்காவோ தாளைப் பார்க்கவில்லை. "அம்மா கீழ விழுந்துட்டாங்க மேடம். இடுப்பு எலும்பு. ரெண்டு மாசமா படுக்கை. கூடவே இருந்து பாத்துக்கோன்னு தம்பி ரெண்டு தடவை கேட்டான். காலைலயும் சாயங்காலமும் கிளாஸ் இருக்குடா, மத்தியானம் வந்து பாத்துக்கறேன்னேன். ஒரு நாள் தவறாம போய்க் குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டிட்டுதான் வர்றேன். நேத்தும் போயிட்டு வந்துதான் சாப்பிட உக்காந்தேன். நான் திரும்பி வரும்போது அவ என் பின்னாடியே வந்திருக்கணும்."

அண்ணி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கையால் போனை எடுத்து, லைசன்ஸ் ஆபீஸ் வாசலில் பாரம் எழுதிக் கொடுக்கும் பழைய சிநேகிதர் ஒருத்தருக்கு வண்டி நம்பரைச் சொன்னார். அவர் ஐந்து நிமிஷத்தில் திரும்பக் கூப்பிட்டார். பேர் மாற்றுகிற பாரத்தில் போன வாரமே கையெழுத்து ஆகியிருந்தது. வண்டியை வாங்கியவர் யார், அது எங்கே நிற்கிறது என்பதையும் சொன்னார்.

"திருப்புங்க," என்றார் அண்ணி.

*

பழைய கார் விற்கிறவரின் மைதானம் ஊருக்கு வெளியே இருந்தது. தகரக் கூரைக்குக் கீழே நாற்பது ஐம்பது கார்கள். நான்காவது வரிசையில் அக்காவின் சாம்பல் நிறக் கார் கழுவித் துடைத்து நின்றது. முன்கண்ணாடியில் வெள்ளைப் பெயின்ட்டால் 'ஒரே ஓனர்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்கள்.

அக்கா நின்று அதைப் படித்தார்.

கடை முதலாளி மரியாதையான மனுஷர். நாற்காலி போட்டார். ஃபைலைத் திறந்து ஒவ்வொரு தாளாகக் காட்டினார். தம்பியின் கையெழுத்து, தம்பியின் அடையாளச் சீட்டு, கடன் முடிந்ததற்கான கடிதம். எல்லாம் அச்சடித்தாற்போல் சரியாக இருந்தது. இருபது வருஷ அனுபவத்தோடு அண்ணி அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏதாவது ஒரு புள்ளி, ஒரு தேதி இடறாதா என்று அவர் தேடியது எனக்குத் தெரிந்தது. இடறவில்லை.

"ஓட்டிட்டு வந்தது ஒரு அம்மா," என்றார் முதலாளி. "நிறுத்திட்டு இறங்கவே இல்ல. அரை மணி நேரம் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு உள்ளயே உக்காந்திருந்தாங்க. உடம்பு சரியில்லையோன்னு தண்ணி குடுத்தேன். வேண்டாம்னுட்டாங்க."

அண்ணி தம்பிக்குப் போன் போட்டு, எல்லாரும் கேட்கும்படி மேஜைமேல் வைத்தார். யார், என்ன விஷயம் என்று சொன்னார்.

"திருட்டா?" என்றது குரல். கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. "என் பேர்ல இருக்கற வண்டியை நான் விக்கறது திருட்டா மேடம்?"

"தவணை கட்டினது உங்க அக்கா."

"இல்லேங்கலையே. வித்து வர்றதை அப்படியே அவகிட்ட குடுக்கப் போறேன். எனக்கு எதுக்கு அது?"

"அப்ப எதுக்கு வித்தீங்க?"

"அம்மா படுத்த படுக்கையா இருக்காங்க. பெத்த பொண்ணு ஊரான் வீட்டுப் பொம்பளைங்களுக்கு ஸ்டியரிங் திருப்பச் சொல்லித் தந்துக்கிட்டிருக்கா. வண்டி இருக்கற வரைக்கும் அவ வர மாட்டா. நாளைக்கு அம்மாவுக்கு ஒண்ணுன்னா அவதான் காலம் பூரா அழுவா. அதுக்காகத்தான். அவ பக்கத்துலதான் இருக்காளா? மாடி ரூமைக் கூட்டித் தொடச்சு வச்சாச்சுன்னு சொல்லுங்க. புது மெத்தை போட்டிருக்கு."

அண்ணி போனை எடுத்து அணைத்தார். எத்தனையோ புளுகர்களை மூச்சுத் திணற வைத்தவர். பொய்யே சொல்லாத ஒருத்தனிடம் அவருக்கு ஒரு கேள்விகூட மிச்சமில்லை.

"கேஸ் போடலாம்," என்றார் கடைசியில். "தவணை கட்டின ரசீது இருக்கு. நாளாகும், வருஷமாகும். ஆனா போடலாம்."

"யார் மேல மேடம்?" என்றார் அக்கா. "கோர்ட்டுல நின்னு, என்னைப் பாத்துக்கறேங்கறான், அது குத்தம்னு சொல்லவா?"

"வண்டியை நாம திரும்ப வாங்கிட்டா?" என்று நான் முதலாளியைப் பார்த்துக் கேட்டேன்.

"ஒரு குடும்பம் வந்து முன்பணம் குடுத்துட்டுப் போயிட்டாங்க சார். சாயங்காலம் வந்து எடுத்துக்குவாங்க. பக்கத்து சீட்டுல இருக்கற பிரேக்கும் கிளட்ச்சும் மட்டும் வேண்டாமாம். குழந்தைங்க கால் பட்டுடுமாம். அதைத்தான் கழட்டிக்கிட்டிருக்கான்."

அப்போதுதான் கவனித்தோம். காரின் இடப்பக்கக் கதவு திறந்திருந்தது. மெக்கானிக் ஒருத்தன் தலையை உள்ளே விட்டு, முதுகு மட்டும் தெரியப் படுத்திருந்தான். இரும்பில் இரும்பு வழுக்கும் சத்தம் வந்தது. அவன் ஏதோ முணுமுணுத்துவிட்டு மறுபடி முயன்றான். மறுபடி வழுக்கியது.

எனக்கு எதையாவது சொல்லி அந்த இடத்தைக் கொஞ்சம் இளக்கிவிட வேண்டும் என்று இருந்தது. அதற்குத்தானே என்னைக் கூட வைத்திருக்கிறார்கள். ஒரு வார்த்தையும் வரவில்லை. அண்ணி மூடிய ஃபைலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது முறை வழுக்கியபோது அக்கா நாற்காலியை விட்டு எழுந்தார். காரை நோக்கி நடந்தார். தடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நானும் பின்னாலேயே போனேன். அவர் கதவருகில் புடவையை ஒதுக்கிக்கொண்டு மண்டியிட்டார்.

"பதினாலாம் நம்பர் ஸ்பேனர் போட்டா வழுக்கும் தம்பி," என்றார். "பதிமூணு போடுங்க. இல்லேன்னா போல்ட் தலை தேஞ்சு போயிடும்."

மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தான். ஸ்பேனரை மாற்றினான். இந்த முறை போல்ட் அசைந்தது.

"மெதுவா. அடியில கம்பி ஒண்ணு வரும், அதை முதல்ல விடுவிச்சுக்கங்க. பெடல் கீழ விழாம நான் பிடிச்சுக்கறேன்."

அவர் ஒரு கையை உள்ளே விட்டு அந்தப் பிரேக்கைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கையால், அவனுக்கு வெளிச்சம் போதாது என்று, தன் போன் விளக்கை அடுத்த போல்ட்டின்மேல் காட்டினார்.